வயிற்றுக்கு இடம் விடுதல்

தபால் கந்தோரின் கவுண்டருக்குப் பின்னால் நான் இருபது வருசத்துக்கு மேல் இருந்திருக்கிறேன். முத்திரை வாங்க வருகிறவர்கள் முத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு போவதில்லை. என் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஓய்வூதியம் எடுக்க வரும் ஒரு மாஸ்டர் மாதம் தவறாமல், "பிள்ளை, அந்தக் கதிரை பாவம்" என்பார். கனடாவில் இருக்கும் மகனுக்குக் கருவாட்டுப் பொதி அனுப்ப வரும் ஓர் அம்மா, "உங்களை அனுப்பிறதெண்டா கப்பல்லதான் அனுப்ப வேணும், என்ன?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பா. நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால், அவாவுக்குச் சரியான வாய் என்று ஊர் முழுக்கச் சொல்வார்கள்.

சொல்கிறவர்களில் ஒருவருக்கும் கெட்ட மனம் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்ட மனத்தோடு சொன்னால் திருப்பிச் சொல்லலாம்.

பதினாலு வயதில் நான் எலும்பும் தோலுமாக இருந்தவள். நாட்டில் நடந்த சண்டைக்குப் பயந்து வீட்டோடு படகேறிக் கடலைத் தாண்டிப் போய், அங்கே அகதி முகாமில் நாலு வருசம் இருந்தோம். பங்கீட்டு அரிசி, பங்கீட்டுப் பருப்பு. அங்கே நான் பழகிய ஒரே பழக்கம், கண்ணுக்கு முன்னால் சாப்பாடு இருந்தால் அதை முடித்துவிடுவது. நாளைக்கும் இருக்கும் என்று நம்பி மிச்சம் வைக்காதே. திரும்பி வந்தபிறகும் அந்தப் பழக்கம் என்னோடு வந்தது. கல்யாணம் முடித்துக் கீரி என்ற கரையோர ஊருக்கு வந்தேன். மனிசன் கடற்றொழில் செய்கிறவர். மீனுக்குக் குறைவில்லாத வீடு. ஒவ்வொரு பிள்ளைப்பேற்றின்போதும் உடம்பு தேற வேண்டும் என்று நல்லெண்ணெயும் சரக்குக் கறியும் தந்தார்கள். மூன்று பிள்ளைகள். உடம்பு நன்றாகவே தேறியது. தேற்றிவிட்ட அதே ஆக்கள்தான் பிறகு, "கொஞ்சம் வாயைக் கட்டலாமே" என்றும் சொன்னார்கள்.

நாற்பதை எட்டிய வருசம் முழங்கால் நோகத் தொடங்கியது. கிளினிக்குக்குப் போனேன். உட்கார்ந்து காத்திருக்கிற வாங்கு நிறைய சனம். தாதி என்னைத் தராசில் ஏற்றிவிட்டு, மறுபக்கம் மேசையில் எழுதிக்கொண்டிருந்த மற்றத் தாதிக்குக் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னா:

"தொண்ணூற்றி நாலு!"

வாங்கில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. அதில் பாதிப்பேருக்கு நான் மணி ஓடர் எழுதிக் கொடுத்தவள். இறங்கும்போது செருப்பைக்கூடச் சரியாகப் போடவில்லை. டொக்டர் இரத்தத்தில் சீனி கூடியிருக்கிறது என்று மருந்துக் குளிசை எழுதித் தந்தார். இருபது கிலோ குறைக்க வேண்டும் என்றார். எப்படி என்று கேட்டேன். "சாப்பாட்டைக் குறையுங்கோ" என்றுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அது மாசி மாதம். அடுத்த கிழமை விபூதிப் புதன் வந்தது, தவக்காலம் தொடங்கியது. எங்கள் பக்கத்தில் அந்த நாற்பது நாளும் ஒருசந்தி பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். நாளைக்கு ஒரு நேரம் மட்டும் சாப்பிடுவது. நானும் பிடிப்பேன் என்றேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. அது எனக்கு எவ்வளவு வசதியாகப் போனது என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. ஆண்டவருக்காக என்று வெளியில் சொன்னேன். உள்ளே, அந்த வாங்கில் இருந்த சனத்துக்காகப் பட்டினி கிடந்தேன்.

முதலில் ஒரு நேரச் சோறு. பிறகு அது அரைக் கோப்பை. பிறகு ஒரு வெறும் தேத்தண்ணியும் இரண்டு கிறாக்கர் பிஸ்கட்டும். பிள்ளைகளுக்கும் அவருக்கும் வழக்கம்போலச் சமைத்தேன். விடியப்புறம் தேங்காய் துருவும்போது மட்டும் கை என் சொல் கேட்காது. துருவல் ஒரு பிடி வாய்க்குள் போய்விடும். பிறகு அன்று முழுக்க அந்த ஒரு பிடிக்காக என்னை நானே திட்டுவேன். கந்தோரில் கடித முத்திரை குத்தும்போது குத்து இடம் தவறி விழுந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பு வரவில்லை. ஆனால் சட்டை தளர்ந்தது. அந்தச் சந்தோசத்தில் மற்றதெல்லாம் மறந்துபோனது.

வீட்டில் தராசு இல்லை. கரையில் மீன் வாங்கும் வாடியில் ஒரு பெரிய தராசு இருந்தது. பின்னேரம் மூன்று மணிக்கு வாடி வெறுமையாக இருக்கும். சனிக்கிழமைகளில் நான் கந்தோரிலிருந்து நேரே அங்கே போய், செதிளும் இரத்தமும் காய்ந்த அந்தத் தட்டில் ஏறி நின்று இலக்கத்தைப் பார்த்துவிட்டு வருவேன். மூன்றாம் சனிக்கிழமை நான் இறங்கித் திரும்ப, என் மனிசன் வலைத் துண்டோடு வாசலில் நின்றார்.

"என்ன செய்யிறாய்?"

"சும்மா பாத்தனான்."

"உன்னை நிறுத்து எந்த முதலாளிக்கு விக்கப் போறாய்?"

பகிடியாகத்தான் சொன்னார். முகம் பகிடியாக இல்லை. எண்பத்தைந்து காட்டுது என்று பெருமையாகச் சொன்னேன். வீடு வரும்வரைக்கும் எனக்குப் பின்னாலேயே நடந்து வந்தார். நான் விழுந்துவிடுவேனோ என்று பயந்து அப்படி நடந்ததாகப் பிறகு ஒரு நாள் சொன்னார்.

பக்கத்து வீட்டில் அவருடைய தமக்கை, என் மச்சாள். தேவாலயப் பங்கின் மாதர் சங்கத்துக்கு அவாதான் தலைவி. மெலிந்த, நிமிர்ந்த மனுசி. பூசைக்கு முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாக வருவா. அவா என்னைப் பெரிதாக மதித்ததில்லை. அந்தத் தவக்காலத்தில் மதிக்கத் தொடங்கினா. சங்கக் கூட்டத்தில் எழுந்து, "எங்கட வீட்டுப் பிள்ளையைப் பாருங்கோ, என்ன தபசு" என்று சொன்னா. தவக்காலத்தில் கர்த்தருடைய பாடுகளைப் பாடுகிற பசாம் படிப்பில் முன்குரல் எடுக்கிற வேலையையும் என்னிடம் தந்தா. எனக்குக் குரல் நல்லது. ஆனால் இத்தனை வருசமும் என்னை முன்னுக்கு நிற்க ஒருவரும் கூப்பிட்டதில்லை. பத்துக் கிலோ குறைந்த பிறகுதான் என் குரல் அவர்களுக்குக் கேட்டது.

நாலாம் வெள்ளிக்கிழமை. பின்னேரச் சிலுவைப்பாதை. வெளியே மணல் ஒழுங்கையில் நடந்து, ஸ்தலத்துக்கு ஸ்தலம் முழந்தாளிட்டு எழும்ப வேண்டும். அன்று காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான் குடித்திருந்தேன். ஒன்பதாம் ஸ்தலம், கர்த்தர் மூன்றாம் முறை விழுகிற இடம். முழந்தாளிட்டேன். எழும்பப் பார்த்தேன். மணல் வெள்ளையாகப் போய், பிறகு கறுப்பாகிவிட்டது.

கண் திறந்தபோது யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். மேலே நிறைய முகங்கள். அவர்களின் கதை காதில் விழுந்தது.

"அவர் விழுந்த அதே ஸ்தலத்தில விழுந்தவா பாருங்கோ."

"சும்மா இல்ல. இது வேற."

எனக்குச் சீனித் தண்ணீர் பருக்கினார்கள். நான் மடக்கு மடக்கென்று குடித்தேன். அந்த இனிப்பு தொண்டையில் இறங்கியபோது, ஆண்டவரும் இல்லை, தபசும் இல்லை, பசி மட்டும்தான் இருந்தது. அதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது, மீன் காயவைக்கும் வேலைக்குப் போகிற ஒரு மனுசி என் கையைப் பிடித்தா. அவாவின் மனிசனுக்குச் சிறுநீரகத்தில் வருத்தம். "அக்கா, உங்கட செபம் பலிக்கும். அவருக்காக ஒருக்காச் செபியுங்கோ" என்று என் கையைத் தன் கண்ணில் ஒற்றினா. அந்த ஈரம் என் விரலில் பட்டதும் எனக்கு உடம்பு கூசிப்போனது. அவாவின் மனிசனுக்காக வீட்டுக்கு வந்து உண்மையாகவே செபித்தேன். ஆனால் இது இப்படியே போகக்கூடாது என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன்.

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதிதாக வந்த இளம் குருவானவர். எனக்குப் பின்னால் நீண்ட வரிசை.

"பாதர், நான் ஒருசந்தி பிடிக்கிறன் எண்டு எல்லாருக்கும் சொன்னனான். அது பொய். நான் மெலியிறதுக்காகப் பட்டினி கிடந்தனான். சனம் என்னைப் புண்ணியவதி எண்டு நினைக்குது. நான் அப்பிடியே நினைக்க விட்டிட்டன்."

அவர் கேட்டார்.

"இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?"

"ஒண்டுமில்லை பாதர்."

"நேற்று?"

"பிஸ்கட்."

பெருமூச்சு விட்டார். கோபம் போலவும் இருந்தது. "அபராதம் சொல்லுறன், கேளுங்கோ. வீட்ட போய்ச் சோறு சாப்பிடுங்கோ. குசினியில நிண்டுகொண்டு இல்லை. மேசையில இருந்து, பிள்ளையளோட. வயிறு நிறைய. விளங்குதோ?"

"ஓம் பாதர்."

"இது பகிடி இல்லை. செபமாலை சொல்லிச் சமாளிக்கப் பாக்கக்கூடாது."

அன்று வீட்டில் சுறா வறை, கத்தரிக்காய்ப் பால்கறி, சொதி. நான் சாப்பாட்டுப் பீங்கானை எடுத்துக்கொண்டு மேசையில் இருந்ததும் மூன்று பிள்ளைகளும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். கடைக்குட்டி எழும்பி முற்றத்துக்கு ஓடி, "அப்பா, அம்மா சாப்பிடுறா!" என்று கத்தினாள். அதைக் கேட்டதும்தான் எனக்கு விளங்கியது, இந்த ஒரு மாதமும் இந்தப் பிள்ளைகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள் என்று. மூன்று கரண்டி சோறு போட்டுச் சாப்பிட்டேன். அழுகையும் வந்தது. அழுதுகொண்டே சாப்பிட்டேன். சாப்பாட்டை நிறுத்தவில்லை.

உயிர்த்த ஞாயிறு கழிந்து மூன்று மாதத்தில் போனதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. முழங்காலும் பழையபடி. ஆனால் பட்டினி கிடக்க இனி என்னால் ஏலாது. டொக்டரிடமும் போக விருப்பமில்லை. கந்தோருக்குத் தையல் நூல் பொதி எடுக்க வரும் பக்கத்து ஊரான தாராபுரத்துத் தையற்காரி, முஸ்லிம் பெண் ஒருத்தி, நான் கதிரையிலிருந்து எழும்ப முனகுவதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, எனக்கும் இடுப்பு நோவு. சித்த மருந்தகத்துல யோகா சொல்லிக் குடுக்காங்களாம், பொம்புளையளுக்கு மட்டும். தனியப் போக வெக்கமா இருக்கு. வாறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. யோகா என்றால் எனக்குத் தெரிந்தது, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிற தொலைக்காட்சியில் விடியற்காலையில் நாணல் மாதிரி வளைகிற ஒல்லி மனிதர்கள்தான். "நான் எங்க வளையிறது?" என்றேன். "நானும்தான் எங்க?" என்றாள். அவளும் என்னளவு இருப்பாள். அவளே எனக்குத் தொளதொள என்று ஒரு காற்சட்டையும் முழங்காலுக்குக் கீழே இறங்குகிற மேற்சட்டையும் தைத்துத் தந்தாள். அளவு எடுக்கும்போது இலக்கத்தை வாய்விட்டுச் சொல்லாமல் எழுதிக்கொண்டாள். அதற்காகவே அவளை எனக்குப் பிடித்துப்போனது.

மருந்தகத்தின் பின்பக்க அறை. சுற்றிவர எண்ணெய்ப் போத்தல் பெட்டிகள். பதினொரு பெண்கள், பன்பாய்கள். சொல்லித் தந்தவ யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த இளம் சித்த வைத்தியர். கல்யாணம் முடிக்காத பிள்ளை. முதல் நாள் முழந்தாளிட்டு முன்னுக்குக் குனிந்து நெற்றியை நிலத்தில் வைக்கச் சொன்னா. எல்லாரும் வைத்தார்கள். நான் பாதியில் நின்றேன். வயிறு தொடையில் முட்டியது. மூச்சு அடைத்தது. பக்கத்தில் தாராபுரத்தாளும் அதே நிலையில் நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எழும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று நான் நினைத்த அந்த நேரத்தில் வைத்தியப் பிள்ளை எனக்கு முன்னால் வந்து குந்தினா.

"அம்மா, ஏன் நெருக்கிப் பிடிக்கிறீங்கள்? காலை அகட்டுங்கோ. உங்களுக்கு வயிறு இருக்குது. அதுக்கு இடம் விடுங்கோ."

காலை அகட்டினேன். வயிறு இரண்டு தொடைக்கும் நடுவில் இறங்கியது. நெற்றி பாயில் பட்டது. அவ்வளவுதான். இருபது வருசமாக எல்லாரும் என் வயிற்றை உள்ளே இழுக்கச் சொன்னார்கள், மறைக்கச் சொன்னார்கள், குறைக்கச் சொன்னார்கள். அதற்கு இடம் விடச் சொன்ன முதல் ஆள் அந்தப் பிள்ளை. பாயில் முகம் புதைந்திருந்ததால் என் கண் நனைந்ததை ஒருவரும் காணவில்லை.

செவ்வாயும் வியாழனும் போனேன். சாப்பாட்டைப் பற்றியும் அவ சொன்னா, ஆனால் மருந்துச்சீட்டு மாதிரித் துண்டு எழுதித் தரவில்லை. மூன்று நேரமும் சாப்பிடுங்கோ, நேரத்துக்குச் சாப்பிடுங்கோ, மீனைக் குறைக்க வேண்டாம், சீனித் தேத்தண்ணியைக் குறையுங்கோ என்றா. நான் நாளுக்கு எட்டுக் கோப்பை சீனித் தேத்தண்ணி குடிக்கிறவள், கந்தோரில் இருக்கிற அலுப்புக்கு. அதை இரண்டாக்கினேன். சோற்றைப் பாதியில் நிறுத்தி, இன்னும் பசிக்கிறதா என்று என்னையே கேட்கச் சொன்னா. இது எனக்குச் சரியான கஷ்டமாக இருந்தது. பசி என்றால் என்ன, பயம் என்றால் என்ன என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. சில நாள் கேட்டுவிட்டு முழுவதையும் சாப்பிட்டேன். சில நாள் மிச்சம் வைத்தேன். மிச்சம் வைத்த சோற்றை மூடி வைத்துவிட்டு, நாளைக்கும் சோறு இருக்கும், நாளைக்கும் சோறு இருக்கும் என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வேன். முகாமிலிருந்து வந்து இருபது வருசத்துக்கும் மேல் கழித்து எனக்கு நானே சொல்லிக் கொடுத்த பாடம் அது.

நாலு மாதத்தில் சீனிக்கான மருந்துக் குளிசையைக் கிளினிக்கில் பாதியாகக் குறைத்தார்கள். தேவாலயத்தில் குருவானவர் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்றத்தின்போது பிடிமானம் இல்லாமல் முழந்தாளிட்டேன். நிறை மூன்று கிலோதான் இறங்கியிருந்தது. அதையும் மருந்தகத்தில் சொல்லித்தான் தெரியும்.

அதற்குள் கதை மச்சாளுக்குப் போய்விட்டது. ஒரு பின்னேரம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டா:

"என்ன, சூரிய நமஸ்காரமாமே? எந்த மாதாவும் பத்தாதெண்டோ சூரியனைக் கும்பிடப் போறாய்?"

"நான் ஒருத்தரையும் கும்பிடேல்ல மச்சாள். குனிஞ்சு நிமிருறன்."

"பேர் அப்பிடித்தானே இருக்கு?"

"ஞாயிற்றுக்கிழமை எண்ட பேரிலயும்தான் ஞாயிறு இருக்கு. பூசைக்குப் போகாமல் விடுறமோ?"

அவாவுக்கு முகம் கறுத்துவிட்டது. அதோடு முடியவில்லை. அடுத்த ஞாயிறு பங்கு மண்டபத்தில் சங்கக் கூட்டம். இருபது இருபத்தைந்து பெண்கள், பிளேன்ரீயும் பணிசும். மச்சாள் எழுந்து, அடுத்த தவக்காலத்துக்குப் பசாமில் முன்குரல் எடுக்க வேறு ஆளைத் தேட வேண்டும் என்றா. வேறு சமயத்து வணக்கத்துக்குப் போகிறவர்கள் பசாம் படிப்பது சரியில்லை என்றா. பேர் சொல்லவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் எழும்பினேன். அதை இன்றைக்கும் நினைத்துப் பெருமைப்படுகிறேன்.

"போன தவக்காலம் நான் பிடிச்சது ஒருசந்தி இல்லை" என்றேன். "மெலியிறதுக்காகப் பட்டினி கிடந்தனான். ஒன்பதாம் ஸ்தலத்தில விழுந்ததும் பசியில விழுந்ததுதான். நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அது என்ர பாவம், அதைச் சொல்ல வேண்டிய இடத்தில சொல்லிப்போட்டன். ஆனா ஒண்டு கேக்கிறன். நான் பொய் சொல்லிப் பட்டினி கிடந்து விழேக்க என்னை முன்னுக்கு ஏத்தினீங்கள். இப்ப ஒழுங்காச் சாப்பிட்டு, முழந்தாளிட்டு எழும்பப் பழகிறன். இதுக்கு இறக்கிறீங்களோ? அப்ப உங்களுக்கு என்ர ஆத்துமத்தில அக்கறையோ, இல்லாட்டி என்ர இடுப்பளவிலயோ?"

யாரோ பிளேன்ரீக் கோப்பையைத் தட்டில் வைத்தார்கள். மச்சாள், "என்னெண்டாலும் முடிவு முடிவுதான்" என்றா. அடுத்த தவக்காலம் நான் பசாம் படிக்கவில்லை. கடைசி வாங்கில் இருந்து, முன்குரலுக்குப் பதில் குரல் கொடுத்தேன். உரத்துக் கொடுத்தேன்.

மண்டபத்திலிருந்து வெளியே வந்தபோது, மனிசனுக்குச் சிறுநீரக வருத்தம் என்று கையைப் பிடித்த அந்த மனுசி மதிலோரம் எனக்காக நின்றா. அவவை எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றேன்.

"அப்ப அக்கா, நீங்கள் அவருக்காகச் செபிச்சது?"

"அது செபிச்சனான். அது பொய்யில்லை. இப்பவும் செபிக்கிறனான்."

"அப்ப காணும், அது போதும்" என்றா. "அந்த வகுப்பு எந்த நாள்?"

வீட்டுக்கு வந்து நடந்ததை அவரிடம் சொன்னேன். தன் தமக்கையை எதிர்த்துக் கதைத்ததற்குக் கோபிப்பார் என்று நினைத்தேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தாமல், "மூத்தவளாச்சே, நான் பயந்து ஒரு நாளும் கதைச்சதில்லை" என்றார். பிறகு, "நல்லாத்தான் கதைச்சிருக்கிறாய்" என்றார். தாராபுரத்தாளின் வீட்டிலும் அந்த நாட்களில் அதே சண்டை நடந்தது. அவளுடைய மச்சான் வந்து ஹராம் என்றாராம். "மூச்சத்தான் எண்ணுறன் மச்சான், மூச்சு தந்தது அல்லாஹ்தானே" என்று இவள் சொன்னாளாம். அவர் போய்விட்டார், இவள் வந்தாள்.

மறு வருசம் வைத்தியப் பிள்ளைக்கு இடமாற்றம் வந்தது. நாங்கள் அழுதோம். அவவுக்குப் பதில் ஒருவரும் வரவில்லை. சில மாதம் கழித்து, தெற்கிலிருந்து ஒரு யோகா ஆசிரியர் இரண்டு நாள் முகாம் நடத்த வருகிறார் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து போனோம். வெள்ளை வெளேரென்ற உடுப்பு, நல்ல தமிழ். வந்ததும் என்னையும் தாராபுரத்தாளையும் பார்த்துப் பின்வரிசைக்குப் போகச் சொன்னார். முன்வரிசையில் நின்றால் மற்றவர்களுக்குச் சரியான நிலை தெரியாதாம். போனோம். அன்று பின்னேரம் உணவைப் பற்றிப் பேசினார். மீன் சாப்பிடுகிற உடம்பு யோகத்துக்கு ஒத்துவராது என்றார். மீன் மந்தத்தைத் தரும், மனத்தை அழுக்காக்கும், முதலில் அதை விட்டுவிட்டுத்தான் பாயில் இருக்க வேண்டும் என்றார்.

நான் கையைத் தூக்கினேன்.

"சேர், நீங்கள் இண்டைக்கு மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?"

"மரக்கறி."

"அது எங்க இருந்து வந்தது?"

தம்புள்ளையிலிருந்து லொறியில் வந்திருக்கும் என்றார்.

"எங்கட மீன் லொறியில வாறேல்ல சேர். என்ர மனிசன் விடியக் கொண்டு வாறது. பன்பாயில குனியிற இந்த உடம்பு அந்த மீனில வளர்ந்த உடம்பு. இது அழுக்கெண்டா, அந்த ஆளையும் அழுக்கெண்டு சொல்லவேணும். அதை நான் கேட்டுக்கொண்டு இருக்கேலாது."

அவர், "இது விதண்டாவாதம்" என்றார். இருக்கலாம். நான் பாயைச் சுருட்டினேன். திரும்பிப் பார்க்காமல்தான் வாசலுக்கு வந்தேன். தனியாகத்தான் போகிறேன் என்று நினைத்தேன். செருப்பைப் போடும்போது பக்கத்தில் இன்னும் ஐந்து சோடிக் கால்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தன.

அன்றைக்கே கீரிக் கடற்கரைக்குப் போனோம். ஈர மணலில் பாயை விரித்தோம். யார் சொல்லித் தருவது என்று கேள்வி வந்தது. "நீங்கதான் வாய் காட்டினீங்க, நீங்களே சொல்லுங்க" என்றாள் தாராபுரத்தாள். எனக்குத் தெரிந்தது பன்னிரண்டோ பதின்மூன்றோ நிலைகள். தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அன்று தொடங்கியது இன்றும் நடக்கிறது, ஞாயிறு தவிர்த்து கிழமையில் மூன்று நாள், விடிந்து வெயில் ஏறுமுன். ஆறு பேர் இப்போது பதினைந்து பேர். சிலருக்கு என்னைவிடப் பெரிய உடம்பு. சிலர் காய்ந்த தடி போல. ஒருவரும் ஒருவரையும் நிறுப்பதில்லை. கரையில் காற்றுக் கூடிய நாட்களில் பாய் பறக்கும், அதன்மேல் செருப்பை வைத்துவிட்டுக் குனிவோம். கடலுக்குப் போய் வருகிற ஆக்கள் முதலில் கூவிச் சிரித்தார்கள். நாங்கள் நிறுத்தவில்லை, அவர்களுக்குத்தான் அலுத்துப்போனது.

மச்சாள் ஒரு நாளும் வரவில்லை. எங்களோடு கதைக்கிறா, கறி கொடுத்து மாறுகிறோம், பிள்ளைகள் இரண்டு வீட்டிலும் வளர்கிறார்கள். அந்த விசயத்தை மட்டும் அவாவும் எடுப்பதில்லை, நானும் எடுப்பதில்லை. அவா என்னைச் சரியென்று ஒப்புக்கொள்ளவேண்டிய தேவை எனக்கில்லை என்பது விளங்க எனக்குப் பல வருசம் எடுத்தது.

என் நிறை எண்பத்தெட்டுக்கு வந்து அங்கேயே நின்றுவிட்டது. சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. இன்னும் கொஞ்சம் முயன்றால் எழுபதுக்கு வரலாம் என்று போன வருசம் ஒரு புதுப் பெண் டொக்டர் சொன்னா. நல்ல பிள்ளை, அக்கறையாகத்தான் சொன்னா.

"பிள்ளை, எழுபதுக்கு வாறதுக்கு நான் என்ன குடுக்கவேணும் எண்டு எனக்குத் தெரியும்" என்றேன். "ஒருக்காக் குடுத்துப் பாத்தனான். மிச்ச ஆயுளை இந்த உடம்போட இருந்து பாக்கப் போறன்."

அவ சிரித்துவிட்டு, இரத்தப் பரிசோதனைத் துண்டை நீட்டினா.

இது முடிந்துபோன கதை இல்லை. கவலையான நாட்களில் இப்போதும் என் கை அலுமாரியில் இருக்கிற பிஸ்கட் ரின்னுக்குத்தான் போகிறது. சில நாள் பாதி ரின் முடிந்துவிடும். வித்தியாசம் என்னவென்றால், அடுத்த நாள் அதற்குத் தண்டனையாக நான் பட்டினி கிடப்பதில்லை. காலையில் புட்டும் மீன்குழம்பும் வழக்கம்போலச் சாப்பிடுகிறேன். இன்று அவர் ஓரா மீன் கொண்டு வந்திருக்கிறார், தேங்காய்ப்பால் விட்டுப் பாலாணக் கறி வைக்கத் தோதான மீன். உலையில் அரிசி கொதிக்கிறது. எனக்கும் சேர்த்துத்தான் போட்டிருக்கிறேன்.